நாலில் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மகள் வந்து நாலு பட்டன் கேட்டாள். மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு நிறம். அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்து எது எதென்று கண்டுபிடிக்க முடியக் கூடாது.

"எதுக்குடி?"

"கணக்கு வீட்டுப்பாடம். நிகழ்தகவு."

அந்த வீட்டில் பட்டனுக்குப் பஞ்சமில்லை. அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலையில், பட்டன் ஓட்டை தைக்கும் காஜா மெஷினில் வேலை பார்த்தாள். ஓரம் உடைந்தது, நிறம் மங்கியது என்று கழித்துப் போடும் பட்டன்களைச் சூப்பர்வைசர் எடுத்துக்கொள்ளச் சொல்வார். அவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. ஏழு மாத வயிற்றோடு அவளால் குனிய முடியவில்லை. காலாலேயே டப்பாவை வெளியே இழுத்துவிட்டாள். மகள் தரையில் கொட்டி மூன்று வெள்ளையும் ஒரு கறுப்பும் பொறுக்கி ஒரு துணிப்பைக்குள் போட்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பாள் என்பதால் அப்பா அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதென்று போன் வர, கை கழுவின ஈரத்தோடு கிளம்பிப் போயிருந்தார்.

"நீ பார்க்காம எடு. நான் எழுதுறேன். எடுத்துட்டுத் திரும்ப உள்ள போட்டு நல்லாக் குலுக்கணும். நாப்பது தடவை."

"நாப்பதா? அதுக்குள்ள குழந்தையே பொறந்துடும்."

முதலில் வெள்ளை வந்தது. அடுத்தது கறுப்பு. அதைப் பைக்குள் போட்டுக் குலுக்கியபடி அவள் சொன்னாள், "சரி, கறுப்பு வந்தாச்சு. இனிமே மூணு தடவைக்கு வெள்ளைதான்."

"ஏன்?"

"நாலுல ஒண்ணுதானே கறுப்பு? அது வந்துட்டுப் போயிடுச்சுல்ல."

"எங்க போச்சு? நீதானே இப்ப திரும்ப உள்ள போட்ட! பைக்குள்ள இப்பவும் நாலுதான் இருக்கு. மொதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே."

அவள் சிரித்துக்கொண்டே கையை விட்டு எடுத்தாள். கறுப்பு.

"பாத்தியா!" என்று மகள் கை தட்டினாள்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. உள்ளங்கையில் கிடந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவேளை திரும்பப் போடலேன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நீ சொன்னது சரி. மிச்சம் மூணும் வெள்ளைதான். ஆனா அது வேற கணக்கும்மா. திரும்பப் போட்டாங்களா இல்லையான்னு மொதல்ல பாருங்க, பாதிப் பேரு அதுலதான் கோட்டை விடுறீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. என்னம்மா, அடுத்தது எடு."

அவள் எடுத்தாள். நாற்பது முறையும் எடுத்தாள். மகள் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கடைசியில் கூட்டினாள். பத்து வர வேண்டிய கறுப்பு பன்னிரண்டு வந்திருந்தது. "கிட்டத்தட்ட சரிதான். நானூறு தடவை எடுத்தா இன்னும் கிட்ட வரும்" என்று திருப்தியாக நோட்டை மூடினாள். அம்மாவின் முகம் வெளிறியதை அவள் கவனிக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வேறு ஊரில் இருந்தபோது. பிறக்கும்போது மூன்று கிலோ, நல்ல கறுகறுவென்று முடி. நான்காம் நாள் கண் மஞ்சளித்தது. பால் குடித்ததையெல்லாம் கக்கினான். கக்கினால் பசிக்குமே என்று அவள் மறுபடி மறுபடி மாரோடு அணைத்துப் பால் கொடுத்தாள். இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாறாம் நாள் போய்விட்டான்.

எங்கோ அனுப்பியிருந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு, எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தது. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் கணவன் மட்டும் போனார். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் சத்து குழந்தையின் உடம்பில் இல்லை, பிறவியிலேயே வரும் கோளாறு, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் சேர்ந்து வருவது என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னார். பிறகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "நாலுல ஒண்ணுதான் அப்படி ஆகுமாம். அந்த ஒண்ணு நமக்கு வந்துட்டுப் போயிடுச்சு. இனிமே வராது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். இந்தக் குழந்தையை வயிற்றில் சுமக்கத் துணிந்ததும் அதை நம்பித்தான். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் முதல்முறை விசாரித்தபோது, "ரெண்டாவது புள்ள மஞ்சள் காமாலையில தவறிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். முடிந்துபோனதை எதற்குக் கிளற வேண்டும் என்று இருவருக்குமே எண்ணம்.

சாயங்காலம் கணவன் கிரீஸ் கையோடு வந்தார். அவர் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, அன்னைக்கு அந்த டாக்டர் என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"எந்த டாக்டர்?" என்றார். ஆனால் கை தேய்ப்பது நின்றுவிட்டது.

"நாலுல ஒண்ணுன்னு சொன்னாரே. மொத்தமா நாலு புள்ளைக்கு ஒண்ணுன்னு சொன்னாரா, இல்ல ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒண்ணுன்னு சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லீங்க." பட்டன் கதையை அவள் சொன்னாள். திரும்பப் போட்டால் ஒரு கணக்கு, போடாவிட்டால் வேறு கணக்கு என்று தனக்குப் புரிந்த வரை விளக்கினாள்.

அவர் குரல் உயர்ந்தது. "பட்டனும் புள்ளையும் ஒண்ணா? ஸ்கூல் புத்தகத்தைப் படிச்சுட்டு வயித்துல இருக்கிறதுக்கு நாள் குறிக்கிறியா? நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?"

வாசற்படியில் மகள் நோட்டும் கையுமாக நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் எங்கே என்று அவள் கேட்டதற்கு, எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என்றார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபின் அவளே தேடினாள். மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில், நாலாக மடித்தபடி இருந்தது. மடிப்பு விறைப்பாக இருந்தது. வாங்கின நாளுக்குப் பிறகு யாரும் அதைப் பிரித்திருக்கவில்லை. அவள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஏம்மா இத்தனை நாளா காட்டல?"

"வந்துட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சோம் டாக்டர்." அவள் மூச்சு வாங்கியது. "நான் ஒண்ணு கேக்கணும். ஒரு பையில நாலு பட்டன் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு கறுப்பு. எங்களுக்கு ஒரு தடவை கறுப்பு வந்துடுச்சு. இப்ப இந்தப் புள்ளைக்கு, அந்தக் கறுப்பைத் திரும்ப உள்ள போட்டுட்டு எடுக்குறமா, போடாம எடுக்குறமா?"

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திரும்பப் போட்டுட்டுத்தான்மா. ஒவ்வொரு தடவையும்."

ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். அவளிடம் ஒரு நல்ல பங்கு, ஒரு பழுதான பங்கு. கணவனிடமும் அப்படியே. குழந்தைக்கு ஆளுக்கொரு பங்கு போகும். எது போகும் என்று யார் கையிலும் இல்லை. நாலு கட்டத்தில் ஒன்றில் மட்டும் இரண்டும் பழுது. "முன்னால பொறந்தது எப்படி இருந்தாலும் இந்த நாலு கட்டம் மாறாது. அதே சமயம் மூணு கட்டம் நல்லது. அதையும் மறந்துடாதீங்க."

பிறந்த உடனே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புவோம், முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்றார். அதுவரை பால் சர்க்கரை இல்லாத, கைக்குழந்தைக்கென்றே விற்கும் சோயா மாவைக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். "உங்க பால் ஒரு சொட்டு கூடக் கூடாது."

"அப்ப அவனுக்கு... நான் கொடுத்த பால்தானா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்குத் தெரியாதும்மா. எந்தத் தாயா இருந்தாலும் கொடுத்திருப்பா" என்றார். அவள் அழுது முடிக்கும்வரை வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கணவனையும் வரச் சொன்னார்கள். அவர் நாலு கட்டத்தையும் பார்த்தார், தலையாட்டினார். திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் திடீரென்று நின்றார்.

"அன்னைக்கு அந்த டாக்டர் நிறையப் பேசினாரு. அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லுங்கன்னு கூடச் சொன்ன மாதிரி இருக்கு. எனக்கு எதுவும் காதுல ஏறல. நாலுல ஒண்ணுன்னதும், அப்ப மூணு மிச்சம் இருக்குன்னு மனசு அங்கேயே நின்னுடுச்சு. உன்கிட்ட எதையாவது நல்லதா கொண்டுவந்து சொல்லணும்னு இருந்துச்சு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பொய் சொல்லல."

"தெரியுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை பத்து நாள் முன்னதாகவே பிறந்தது. பெண். குதிகாலில் ஊசி பட்டதும் வார்டே அதிரக் கத்தினாள். "இதுவும் வக்கீல்தான் போல" என்றார் அப்பா. மாதக்கணக்கில் அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

சோயா மாவைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டினார்கள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை அழும்போதெல்லாம் மார் நனைந்து ரவிக்கையெல்லாம் ஈரமானது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கணவன் குழந்தையை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நர்ஸ் குளிர்ந்த துணியைப் போட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள்தான்க்கா, பொறுத்துக்கோங்க. ரிசல்ட் நல்லா வந்தா நீங்களே கொடுக்கலாம்" என்பாள். மூன்று பங்கு நல்லது என்பதை அவள் மந்திரம்போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் டாக்டரம்மாவே வார்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குழந்தைக்கும் இருந்தது.

கணவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். கண் மஞ்சளிக்கவில்லை, ஈரல் நன்றாக இருக்கிறது, ஒரு சொட்டுப் பாலும் உள்ளே போகாமல் தடுத்துவிட்டோம். வாழ்நாள் முழுக்கப் பால் கலந்த எதுவும் ஆகாது. கண்ணையும் பேச்சையும் படிப்பையும் கவனித்துக்கொண்டே வர வேண்டும். சில குழந்தைகளுக்கு அதில் சிரமம் வரலாம். "ஆனா இவ வளருவா" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கணவன் திரும்பச் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா திரும்பச் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் சீருடையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் புத்தகப் பையைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"மூணு பங்கு நல்லதா இருந்துச்சேம்மா! ஒரு பங்குதானே கெட்டது! அது எப்படி வரலாம்?"

"அந்த ஒரு பங்கும் இருந்துச்சுல்ல கண்ணு. இருக்கிறது வரத்தான் செய்யும்."

"அப்ப கணக்கு எதுக்கு? தெரிஞ்சும் மாத்த முடியலையே."

அவள் மகளைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்தாள். என்ன வரும் என்பதை மாற்ற முடியவில்லைதான்.

"நீ அன்னைக்குப் பட்டன் கேக்காம இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?"

மகள் தெரியாதென்று தலையாட்டினாள்.

"பொறந்த அன்னைக்கே பால் கொடுத்திருப்பேன்."

மகள் அம்மாவையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தம்பி எப்படிப் போனான் என்பதை அன்றுதான் அவள் முழுதாகக் கேட்டாள். அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

சின்னவளுக்கு இப்போது ஒன்றரை வயது. நடக்கிறாள். பேச்சு தாமதம்தான். ஆறு வார்த்தை சொல்கிறாள், அதில் இரண்டு அப்பாவுக்கு மட்டும் புரியும். பெரியவள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவாள். எந்தப் பொட்டலத்தையும் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் வாங்க மாட்டாள். கடைக்காரர் முதலில் கிண்டல் செய்தார், சலித்துக்கொண்டார். போன வாரம் புதிதாக வந்த பிஸ்கட்டைத் தட்டில் அடுக்குவதற்கு முன் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டி, "இதுல பால் இருக்கா பாரும்மா. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல" என்றார்.

அவள் தங்கையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படித்தாள்.

"இல்ல. ரெண்டு கொடுங்க."