ஓனெலைப் பற்றி நாலு வார்த்தை

ஓனெலின் விறைத்துப்போன கை கோட்டுக்குள் நுழைய மறுத்தது. கிளெரினா கத்தரிக்கோலை எடுத்து, கோட்டின் முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். இனி இரண்டு பாதியாக முன்னாலிருந்து மாட்டிவிடலாம். படுத்திருப்பவனின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

"கல்யாணக் கோட்டாச்சே அக்கா அது," என்றாள் பக்கத்து வீட்டு யோலேத், கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே.

"அன்னிக்கும் நான்தான் மாட்டிவிட்டேன். தானா ஒண்ணும் செய்யத் தெரியாது இவருக்கு. கூரைலேர்ந்து விழத் தெரிஞ்சுது."

கிளெரினா கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு இன்னொரு முறையும் சரிசெய்தாள்.

ஜெரேமி நகரைத் தாண்டிய அந்தக் கடலோர ஊரில் புயல் ஒரு கூரையையும் விட்டுவைக்கவில்லை. சீமைப்பலா மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. அதன் பிறகு 'நம்பிக்கைக் கரங்கள்' வந்தது. குளிர்நாட்டிலிருந்து வந்த தொண்டு நிறுவனம். ஆகவே முதலில் கம்பளித் தொப்பிகள் கொடுத்தது. அடுத்து, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் சின்னம் அச்சிட்ட நீலத் தார்ப்பாய்கள்.

ஓனெல் கொத்தனார். தார்ப்பாயைத் தன் கையாலேயே விடியற்காலையில் கட்டி முடித்து, இறங்கி, காப்பியும் குடித்தாகிவிட்டது. அப்புறம்தான் கேமராவோடு நிறுவனத்தின் தலைவி வந்தாள். கூடவே, கைக்குலுக்கல் சின்னம் போட்ட சட்டையில் மொழிபெயர்ப்பாளனாக அவன் தம்பி ஜோஸ்லேன்.

"அண்ணே, இன்னொரு வாட்டி ஏறிக்கோ. சுத்தியலோட. சிரிச்சாப்ல."

வேறு யாராவது ஏறியிருந்தால் கிளெரினாவுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒவ்வொரு புத்தாண்டிலும், அதாவது தேசத்தின் விடுதலை நாளன்று, அடிமைக் காலத்தில் மறுக்கப்பட்ட பூசணி சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சதுக்கத்தில் நின்று கத்துகிற மனிதன் அவன். "மொதல்ல வந்தவன் நம்மள வெலங்கு போட்டுக் கொண்டாந்தான். அவன அடிச்சுத் தொரத்தினோம். பீரங்கிக் கப்பலோட திரும்பி வந்து, வெளிய போனதுக்கு நஷ்ட ஈடு கேட்டான். நம்ம பாட்டன், பூட்டன் எல்லாரும் காப்பிக்கொட்டை வித்துக் கட்டினாங்க. அப்புறம் இன்னொருத்தன் ரோடு போடறேன்னு வந்தான். யாரக் கயித்துல கட்டி வேலை வாங்கினான்? நம்மளத்தான்!" இதைக் கேட்டுக் கேட்டு ஊரே மனப்பாடமாக ஒப்பிக்கும்.

அப்பேர்ப்பட்டவன், சிரி என்றதும் சிரித்தான். கிளெரினா முறைத்தபோது, "அவன் பொழப்புடி," என்று தம்பியைக் கண்ணால் காட்டிவிட்டு ஏறினான். நனைந்து ஊறியிருந்த உத்தரம் முறிந்தது. கீழே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு.

விழுவதற்கு முந்தைய படம் நன்றாக வந்திருப்பதாகக் கேள்வி.

வாசலில் நிழல் விழுந்தது. ஜோஸ்லேன். இன்றைக்கும் அதே சட்டை.

"அண்ணி..."

"உள்ள வராத. அங்கயே நின்னு பேசு."

"தலைவியம்மா அடக்கத்துக்கு வர்றாங்க. ரொம்ப ஒடஞ்சு போயிட்டாங்க."

"ஒடஞ்சது உங்கண்ணன் மண்டை. அவளுக்கு என்ன ஒடஞ்சுது?"

"கேமரா முன்னாடி அண்ணனைப் பத்தி நீங்க நாலு வார்த்தை சொல்லணுமாம். அத அவங்க ஊர்ல காமிச்சா பணம் வரும். கூரைக்குத் தகரம் லாரில ரெடியா நிக்குது அண்ணி. ஊருக்கே தகரம். நீங்க மாட்டேன்னா திருப்பிக் கொண்டுபோயிருவாங்க."

"அவ சொன்னாளா, நீயா சொல்றியா?"

யோலேத்தின் குழந்தை இருமியது. தார்ப்பாய்க்கு அடியில் இரவெல்லாம் ஈரத்தில் கிடந்த நெஞ்சு, சின்னதாய்க் கரகரத்தது. யோலேத் குழந்தையின் முதுகைத் தட்டினாள்; கிளெரினாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி," என்றாள் கிளெரினா. "நாலு வார்த்தைதானே."

கல்லறைத் தோட்டத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் ஓனெல்; அதனால் கூலி கேட்கவில்லை. நிறுவனத்தின் பதாகையை இரண்டு சிலுவைகளுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். தலைவி கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்து நெடுநேரம் பேசினாள். ஜோஸ்லேன் ஊர் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தான்: பாவப்பட்ட இந்தத் தேசம், இதன் சோக வரலாறு, இதைச் சொந்தக் காலில் நிற்க வைக்கவே தாங்கள் வந்தது.

"ஒக்கார வச்சது யாரு?" என்றது பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல். ஜோஸ்லேன் அதை மொழிபெயர்க்கவில்லை.

கிளெரினா சவப்பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"இவரு எம்புருஷன்," என்றாள். குரல் உயரவில்லை. "வாய் கிழியப் பேசுவாரு. மூணு தேசத்துப் பட்டாளத்த நம்ம பாட்டன்மாரு கடல்ல தள்ளின கதைய வருஷம் தவறாம கத்துவாரு. அந்த மனுஷன, ஏற்கெனவே முடிஞ்ச வேலைக்குத் திரும்பக் கூரைல ஏத்திக் கொன்னுபுட்டா இவ. ஒரு போட்டோவுக்கு. இப்ப கண்ணத் தொடைக்கிறா. கைக்குட்டையிலயும் அந்தச் சின்னம் இருக்கு, நல்லாப் பாருங்க. நான் இங்க நிக்கிறது தகரத்துக்கு. குடுத்துட்டு எடத்தக் காலி பண்ணச் சொல்லு."

ஜோஸ்லேனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. பிறகு அவன் தலைவியின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினான். அந்த மொழி கிளெரினாவுக்கு அரைகுறைதான். ஆனால் 'அன்பு' இரண்டு முறை வந்தது, 'நன்றி' மூன்று முறை வந்தது என்பது தெரிந்தது. தலைவி மார்பில் கை வைத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடிவந்து கிளெரினாவைக் கட்டிக்கொண்டாள். கொசு மருந்து வாசனை அடித்தது.

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். அதை மறைக்க வாத்தியக்காரன் ஒருவன் ஊதினான். அது கோணலாகக் கேட்டதும் தோட்டமே குலுங்கியது. துக்கத்தில் குலுங்குவதாகத் தலைவி நினைத்திருக்கவேண்டும். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகக் கிளெரினா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

பெட்டி உள்ளே இறங்கியதும் லாரியைத் திறந்தார்கள். வெள்ளையுடுத்தி அழ வந்த ஊர், தலையில் தகரத்தோடு வீடு திரும்பியது.

சாயங்காலம் மேகம் திரண்டது. யோலேத் கொடுத்த காப்பி கிளெரினாவின் கையில் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ஏணி சுவரில் உராயும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஜோஸ்லேன், பனியனோடு, தோளில் ஒரு தகரத்தைச் சாய்த்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆணி அடிக்கவே தெரியாது. பார்க்கத் தெருவில் யாரும் இல்லை.

ஏணி ஆடியது.

கிளெரினா காப்பியை மண்ணில் ஊற்றினாள். நடந்து போய், மேலே பார்க்காமல், ஏணியின் கடைசிப் படியில் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டாள்.