கடைசி மேசையின் சராசரி

நான் வேதியியல் டீச்சர். சந்தேகப்படுவது என் தொழிலில் பாதி. அமிலத்தையும் காரத்தையும் கலந்து வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொன்னால், எல்லா வகுப்பிலும் ஒருத்தி தெர்மாமீட்டரைப் பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவள் அதை அப்படியே எழுதிக்கொள்வாள். அதனால் ஒரு சட்டம் வைத்தேன். மேசைக்கு இரண்டு பேர். மூன்று முறை கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆறு அளவையும் கூட்டி ஆறால் வகுத்தால் விடை. ஒரு கண் தவறினாலும் இன்னொரு கண் ஈடுகட்டிவிடும் என்பது என் கணக்கு.

கடைசி மேசையில் இரட்டையர். பத்து நிமிடம் முந்திப் பிறந்ததற்காகப் பெரியவள் 'அக்கா' பட்டத்தைக் கறாராக வாங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் முதலில் பார்த்து அவள் காதில் சொல்லிவிட்டு, அளவு ஜாடியைக் கழுவப் போய்விடுவாள். எழுதுவதும் கூட்டி வகுப்பதும் அக்கா பொறுப்பு. நான் முன்கூட்டியே கலந்து பார்த்து வைத்திருக்கும் விடையோடு அவர்கள் விடை வாராவாரம் ஒட்டிப்போகும். மற்ற மேசைகள் ஆளுக்கொரு திசையில் இழுக்க, இது மட்டும் ஏன் இப்படி? நான் 'சரி' என்றதும் சின்னவள் ஒரு பெருமூச்சு விடுவாள். ஒரு மதிப்பெண்ணுக்கு இத்தனை பெருமூச்சா என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் நின்றேன். சின்னவள் மூக்கு தெர்மாமீட்டரில் இடிக்கும்படி குனிந்து, "முப்பத்திரெண்டுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பார்த்தாள், தன் பெயருக்கு நேரே இருபத்தெட்டு என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். முப்பது.

இரண்டாவது முறை சின்னவள் சொன்னது இருபத்தொன்பது. அக்கா எழுதியது முப்பத்தொன்று. தெர்மாமீட்டர் அதே முப்பதில்தான் நின்றது.

"என்னடி இது?" என்றேன்.

"தப்பா பாத்துட்டேன் டீச்சர்."

"அவ கூட்டிப் படிச்சா நீ குறைக்கிற, அவ குறைச்சா நீ கூட்டுற. தப்பு இவ்வளவு ஒழுங்கா நடந்துக்காது."

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "ரெண்டையும் சேர்த்தா சரியா வருதில்ல டீச்சர்? அவளுக்குக் கோடு தெரியல. அது தெரியவந்தா பயந்துடுவா."

அவர்கள் அப்பா தையல்காரர். முதலில் ஊசியின் காது தெரியாமல் போனது, பிறகு துணியும் கத்திரியும், கடைசியில் எல்லாமே. பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

சின்னவள் ஈர ஜாடியோடு பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எத்தனை வாரமாக்கா?"

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆரம்பத்துலேர்ந்தா?"

அக்கா தலையசைத்தாள்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருதான்னு நான் இதை வச்சுத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றாள் சின்னவள். "டீச்சர் சரின்னு சொன்னா, அந்த வாரம் கண்ணு நல்லாருக்குன்னு நிம்மதியா இருப்பேன்."

அவர்கள் அம்மாவுக்குப் போன் செய்து, மதியமே கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். பேசிவிட்டு நான் மேசைக்குத் திரும்பியபோது மூன்றாவது கலவை தயாராக இருந்தது. சின்னவளே ஊற்றியிருந்தாள்.

"இந்தத் தடவை உள்ளதைச் சொல்லு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவள் குனிந்தாள். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டாள். "முப்பத்திரெண்டு."

அக்கா குனிந்து பார்த்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"முப்பது," என்றாள்.

அந்த இரண்டையும் நாங்கள் கூட்டவில்லை.