வெட்டும் மேசைக்கு மெழுகு

மெக்கானிக்குக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். அந்த நினைப்புதான் மனிதரை இந்தப் பாடு படுத்தியது.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கனத்த மரமேசைதான் அவள் துணி வெட்டும் இடம். அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்க விடமாட்டாள். அப்படிப்பட்ட மேசையில், அவள் நூல் வாங்கக் கடைக்குப் போன அரை மணி நேரத்தில், இவர் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பினார். எண்ணெய் மரத்தில் இறங்கியது. மறுநாள் அதன்மேல் விரித்த யாருடைய வெள்ளைத் துணியோ கறையாகிப் போனது.

"மேசை பழையபடி ஆகட்டும், வரேன். ஆகலன்னா மிஷினையும் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டோடயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய் இன்றோடு பத்து நாள். சாயங்காலம் வந்து பார்ப்பதாகப் போன் செய்திருந்தாள். சொன்னால் செய்கிறவள் அவள். மிஷின் சத்தம் கேட்காத வீட்டில் மெக்கானிக்குக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

விடிந்ததும் உப்புத்தாளை எடுத்து, ஒரு மூலை விடாமல் மேசையைத் தேய்த்துத் தள்ளினார். கறை போயிற்று. அடுத்து மெழுகு பாலிஷ் டப்பா. டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுபோல விரலால் வழித்து வழித்து அப்பினார். எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கட்சி. முழு டப்பாவும் காலி.

மதியம் தொட்டுப் பார்த்தால் கை ஒட்டிக்கொண்டது. தூசி விழாமல் இருக்கட்டும் என்று விரித்த செய்தித்தாள், எடுக்கும்போது பாதி மேசையோடு தங்கிவிட்டது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், சாப்பிட வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, மேசைக்கு ஜாம் தடவி வச்சிருக்கீங்க?"

"பாலிஷ்ம்மா. நல்லா ஊறட்டும்னு விட்டிருக்கேன்."

மகள் டப்பாவைக் கையில் எடுத்தாள். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிற கண் அது. "மெல்லிசா தடவி, காஞ்சதும் துடைச்சு எடுக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே! துடைச்சீங்களா?"

"பூசினதை எவனாவது துடைச்சு எடுப்பானா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அப்பா பாவம் அல்லவா? கடைக்குப் போன் போட்டு அரை நாள் லீவு சொன்னாள். இருவரும் பழைய பனியன்களைக் கிழித்து, டர்பன்டைனில் நனைத்து, ஒட்டிய மெழுகையும் செய்தியையும் துடைத்தெடுத்தார்கள். பிறகு மிச்சமிருந்த மெல்லிய பூச்சின்மேல் உலர்ந்த துணியால், மரத்தின் ரேகை போகிற போக்கில் தேய்த்தார்கள். தோள்பட்டை விட்டுப்போனது. நாலு மணிக்கு மேசை பளபளவென்று தேன் நிறத்தில் நின்றது. மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "அம்மாவோட கோடெல்லாம் எங்க?"

மேசையின் விளிம்பு நெடுகப் பேனாவால் இன்ச் இன்ச்சாகக் கோடு போட்டு வைத்திருந்தாள் மனைவி. கல்யாணமான புதிதில் போட்டது. டேப்பைத் தேடாமல் அதை வைத்தே அளந்து வெட்டுவாள். உப்புத்தாள் கறையோடு சேர்த்து அதையும் தின்றிருந்தது.

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவா, குட்டி. அவ இல்லாம என்னால முடியாதுடி."

அப்பா அப்படிப் பேசி மகள் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அவருடைய இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். மெழுகின்மேல் பேனா வழுக்கியது. ஊசிமுனையால் கீறி, கீறலில் மை விட்டு, ஒவ்வொரு கோடாகப் போட்டார் மெக்கானிக். கடைசிக் கோட்டில் மை காய்வதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

தோள் பையை இறக்காமலே மேசையைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பிறகு விளிம்பைக் குனிந்து பார்த்தவள், டேப்பை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் மெக்கானிக், திருதிருவென்று விழித்துக்கொண்டு. "பழசு தேய்ஞ்சு போச்சு. ஆனா ஸ்கேல் வச்சுப் போட்டது, ஒரு மயிரிழை தப்பாது."

"தப்பாது, சரி. என்னோடது தப்பா இருந்துச்சே! இரவல் டேப்பு வச்சுப் போட்டேன். அடிக்கு ஒரு நூல், அரைக்கால் இன்ச், கம்மி. அப்புறம்தான் தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷமா மனசுக்குள்ளயே கூட்டிக் கூட்டித்தான் வெட்டறேன்."

"அடக் கடவுளே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேனே!"

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். இத்தனை வருஷத்தில் அந்த மேசைப் பக்கம் குனிந்து ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

"அழிச்சிடட்டுமா? பழையபடியே ஒரு நூல் குறைச்சுப் போட்டுத் தரேன்."

"ஒண்ணும் வேணாம்." அவள் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். "கூட்டாம வெட்டப் பழகிக்கறேன். கை திருந்த ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் ஊரான் துணியில கை வைக்க முடியுமா? உங்க சட்டைத்துணி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. கெட்டாலும் நம்ம வீட்டோட போகட்டும்."

மெக்கானிக் பீரோவைத் திறந்து, இருந்த துணி அத்தனையையும் வாரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.