பதினாலாயிரம் தீவுகளும் ஓர் அக்காவும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. நனையாமலிருக்க நூலகத்துக்குள் நுழைந்தேன். மாடியில் ஏதோ நிகழ்ச்சி, நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். மேடையில் ‘ஜப்பானை அறிவோம்: பொது அறிவுப் போட்டி’ என்று துணி கட்டியிருந்தார்கள். ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நிலநடுக்கம் வரும், ரயில் நேரத்துக்கு வரும் என்பதுதான். மழை விட்டதும் எழுந்து போயிருப்பேன். ஆனால் கேள்வி கேட்க வந்த பெண், போட்டியாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டைகளை நழுவவிட்டாள். இருவருக்கும் ஒரே மூக்கு.

(மேடையில் நடந்தது கண்ணால் பார்த்தது. வீட்டில் நடந்தது நானாகச் சேர்த்தது. தையல் தெரியாமலிருக்கக் கொஞ்சம் பாடுபட்டிருக்கிறேன், தயவுசெய்து உள்பக்கம் திருப்பிப் பார்க்காதீர்கள்.)

2

தொடக்கம் ஒன்று: ‘சூரியன் முதலில் எட்டிப் பார்க்கும் தேசத்தின்—’

வேண்டாம். சுற்றுலாக் கம்பெனித் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘உடன்பிறந்தவர்களின் பாசம் என்பது—’

எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

தொடக்கம் மூன்று: சின்னவள் அக்காவோடு பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு பூனைக்குட்டி.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

சின்னவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள், ஓய்வு நாளில் நூலகப் போட்டிகளில் கேள்வி கேட்பவள். பெரியவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சின்னவளின் மகளுக்குப் பிறந்தநாள், வீடு நிறையப் பிள்ளைகள். சிறுவயதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட பூனைக்குட்டியைத் தான் காப்பாற்றிய கதையைச் சின்னவள் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகவே சொன்னாள். குட்டி பிறாண்டும் இடத்தில் குரலைத் தாழ்த்தவும் செய்தாள்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பெரியவள், “தொட்டிக்குப் பின்னால கையை விட்டது நானு. நீ கீழ நின்னு ஓன்னு அழுதுட்டிருந்த” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மகள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு சின்னவள் சொன்னாள்: “நீ சொல்றதுதான்க்கா எப்பவும் சரி. உனக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. ஆனா இனிமே உன்கிட்ட கேக்க எனக்கு எதுவுமில்ல.”

அன்றோடு பேச்சு நின்றது. செய்தி மட்டும் நிற்கவில்லை. அம்மா இருந்தாளே.

“உன் பெரிய பொண்ணுகிட்ட என் குக்கரைத் திருப்பித் தரச் சொல்லும்மா.”

“அது என் குக்கர்னு உன் சின்னப் பொண்ணுகிட்ட சொல்லும்மா.”

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் என்ன தபால் பெட்டியாடி? எனக்கும் பேச விஷயம் இருக்கு. அதைக் கேக்க ஒருத்திக்கும் நேரமில்ல!”

(பெரியவளைக் கொடுமைக்காரியாக எழுதிவிட்டேனோ? பூனையை எடுத்தது அவள்தான் என்றால் அதைச் சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் அத்தனை பிள்ளைகள் முன்னால்... சரி, நானே மாறி மாறி இரண்டு பக்கமும் சாய்கிறேன். மேலே போவோம்.)

4

அட்டைகளைப் பொறுக்கி அடுக்குவதற்குள் சின்னவள் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது. முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக் கேட்பது.

“மூணாவது போட்டியாளர். ஜப்பானோட மிகப் பெரிய ஏரி எது?”

“பிவா” என்றாள் பெரியவள்.

“சரி.”

பல மாதங்களுக்குப் பிறகு அக்காவுக்கு அவள் சொன்ன முதல் பதில் அது. விடை அட்டையில் இருந்ததால் தப்பித்தாள்.

அடுத்த சுற்று வரலாறு. “நாடு வெளியாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்துல, ஐரோப்பியர்ல டச்சு வணிகர்களுக்கு மட்டும் இடம் கொடுத்த நாகசாகித் தீவு எது?”

“தெஜிமா. சின்னத் தீவு. செயற்கையா கட்டினது” என்றாள் பெரியவள்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் போதும்.”

(கதவடைத்த இரண்டு நாடுகள், நடுவே சரக்குக் கைமாற ஒரு குட்டித் தீவு. அம்மா! உவமை வலிய வந்து மடியில் விழுகிறது. இவ்வளவு சுலபமாக விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். எடுத்துக் கீழே வைக்கிறேன்.)

பண்பாட்டுச் சுற்றில் ஹைக்கூவுக்கு எத்தனை அசை என்ற கேள்வியில் கல்லூரிப் பேராசிரியை வெளியேறினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்துக்குப் பெயர் என்ன என்றதற்கு, “செருப்பு விடுற இடம்” என்று நேர்மையாகச் சொன்ன வங்கி மேலாளரும் போனார். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: பெரியவளும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும். இருவருக்கும் சமமான மதிப்பெண். சின்னவள் கடைசி அட்டையை எடுத்தாள்.

“ஜப்பான்ல மொத்தம் எத்தனை தீவுகள்?”

கண்ணாடிக்காரர் மணியை அடித்தார். “ஆறாயிரத்து எண்ணூத்தி ஐம்பத்திரண்டு!”

அட்டையிலும் அதுதான் இருந்தது. சின்னவளுக்கு மூச்சு திரும்பியது. “சரியான—”

“தப்பு” என்றாள் பெரியவள். “அது பழைய கணக்கு. திரும்ப எண்ணிட்டாங்க. இப்ப பதினாலாயிரத்துக்கு மேல.”

அரங்கில் சலசலப்பு. யாரோ, “இதென்ன, தீவு குட்டி போடுதா?” என்றார். நூலகர் ஓடிவந்து சின்னவளின் காதில், “அட்டையில என்ன இருக்கோ அதையே சொல்லி முடிச்சிடும்மா, கீழ எல்லாருக்கும் டீ ஆறிட்டிருக்கு” என்றார்.

5

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். சின்னவளும் நின்றாள்.

அட்டை அவள் பக்கம். நூலகர் அவள் பக்கம். ‘அட்டையில் உள்ளதே இறுதி விடை’ என்று முதலிலேயே அறிவித்திருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா வாழ்க்கையில் ஒரு முறையாவது தப்பு. அதுவும் ஊர் கூடியிருக்கும்போது. அந்த ஆசை அவள் நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் பகலெல்லாம் பரிசோதனைக் குழாயோடு வாழ்பவள் அவள். வேண்டாதவர் ரத்தம் என்பதற்காகச் சர்க்கரையைக் கூட்டி எழுதிப் பழக்கமில்லை. அலைபேசியை எடுத்துத் தேடினாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். புதிய கணக்கு: பதினாலாயிரத்து நூற்றிருபத்தைந்து. கடலிலிருந்து எதுவும் புதிதாக முளைத்துவிடவில்லை. வரைபடத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மைக்கை எடுத்தாள். “மூணாவது போட்டியாளர் சொன்னது சரி.”

“யாரு?” என்றாள் பெரியவள்.

“மூணாவது போட்டியாளர்.”

“எனக்கு வேற பேரே இல்லையா?”

அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டது. சின்னவளின் முகம் சிவந்தது. “அக்கா சொன்னது சரி. போதுமா?”

யாரும் எதிர்பாராத விதமாகக் கண்ணாடிக்காரர்தான் முதலில் கைதட்டினார். தோற்றவர் தட்டும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா?

6

முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். (இல்லை. நடுவில் மேசை இருந்தது.)

முடிவு ஆ: பெரியவள் பரிசை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி— (எழுத எழுத எனக்கே கோபம் வந்தது.)

நடந்தது இது. கைதட்டல் அடங்கியதும் சின்னவள், மைக் அணையாததை மறந்து கேட்டாள். “உனக்கு எதுக்குக்கா ஜப்பான்? நீ புத்தகத்தைத் தொட்டே நான் பாத்ததில்லயே.”

பெரியவள் கேள்வி புரியாதவள் போல மேசையைப் பார்த்தாள். “கேள்வி கேக்கப்போறது நீதான்னு போஸ்டர்ல போட்டிருந்துச்சு. வேற எங்க வந்து உக்காந்தா நீ எங்கிட்ட ஏதாவது கேப்ப?”

ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. நூலகர்கூட டீயை மறந்தார். (நான் சொன்ன குக்கர், பூனைக்குட்டி எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து கண்டுபிடித்தவைதான். உங்களுக்கு வேறு காரணம் பொருத்தமாகப் பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.)

7

மழை தூறலாகியிருந்தது. வாசல் கூரையின் கீழ் இருவரும் நின்றிருந்தார்கள், நடுவே இன்னொருவர் நிற்கும் அளவு இடைவெளி விட்டு. நான் குடையில்லாதவன் என்ற சாக்கில் தூணருகே நின்றேன்.

சின்னவள் பக்கம் திரும்பாமலே ஏதோ கேட்டாள். அட்டை எதுவும் கையில் இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேள்வி அதில் போய்விட்டது.

பெரியவளின் பதில் மட்டும் காதில் விழுந்தது.

“தெரியலடி.”

சின்னவள் நடுவிலிருந்த இடைவெளியைக் கடந்து அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

அவள் என்ன கேட்டிருப்பாள் என்று நானும் எழுதி எழுதி அடித்துவிட்டேன். எதுவும் அந்தப் பதிலுக்குப் போதுமானதாக இல்லை. விடை உங்களிடம் இருக்கிறது. கேள்வியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.