நாற்பது கழிப்பறைகளும் ஒரு வாக்குமூலமும்

லுவாண்டிசோ ஐந்து மணிக்கு எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். சோளக் கஞ்சி கிண்டி ஒரு தட்டில் ஊற்றினான். அது ஆறுவதற்குள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போட்டுப்போகும் சட்டையை இஸ்திரி போட்டான். கைப்பகுதியில் துக்கத்துக்காகக் குத்தியிருந்த கறுப்புத் துணியில் சூடு படாமல் பெட்டியை நகர்த்தினான். மனைவி நொம்வுசோவைப் புதைத்துப் பதினாறு நாள்.

ஸோலிலே கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். நகராட்சியின் பொறியியல் பிரிவுத் தலைவர். பின்னால் அவருடைய டிரைவர், கதவளவு ஆள்.

“வாசம் தெரு வரைக்கும் வருதே மச்சான். எனக்குக் கஞ்சி கிடையாதா?”

நொம்வுசோவும் அவரும் ஒரே குலம், ட்லோமோ. அந்த வகையில் மச்சான்.

அவர் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். “நீ சொன்னதா டைப் பண்ணியாச்சு. கார் பறிக்க வந்தவன் சுட்டுட்டான். கையெழுத்துப் போட்டு, ஸ்டேஷன்ல சத்தியம் பண்ணிடு. திங்கக்கிழமை வெளியூர் ஆடிட்டருங்க வர்றாங்க. அதுக்குள்ள கேஸ முடிக்கணும்.”

“காரை எடுத்துட்டுப் போகலியே.”

“பயந்து ஓடிட்டான்.”

“ஏழு தடவ சுட்டதுக்கு அப்புறமா?”

நொம்வுசோ நகராட்சியின் உள்தணிக்கையாளர். நான்கு கிராமங்களில் நாற்பது தகரக் கழிப்பறைகள் வைத்தாயிற்று என்று ஸோலிலேயின் பிரிவு எழுதியிருந்தது. முதல் கிராமத்தில் பத்தைப் பார்த்தவள், ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் இரண்டாம் கிராமத்தில் பத்துக் கதவிலும் புள்ளி. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே பத்து. அந்தப் பத்தையும் ஏற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது.

வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது தணிக்கை விதி. அவள் விதியை மீறியதில்லை. விளக்கம் கேட்க வருவதாக ஸோலிலேக்கும் அப்படியே கடிதம் அனுப்பினாள். அந்த நாள், அந்த நேரத்துக்கு, அலுவலகத்துக்கு இரண்டு தெரு முன்னால் சுட்டார்கள். லுவாண்டிசோதான் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“போட மாட்டேன்,” என்றான்.

டிரைவர் அவன் பிடரியைப் பிடித்து மேசையில் அடித்தான். தட்டு முகத்துக்கடியில் உடைந்தது. கஞ்சியில் ரத்தம் கலந்தது.

“எந்தக் கை சார்?”

“இடது கைடா மடையா. கையெழுத்துக்கு வலது வேணாமா?”

இஸ்திரிப் பெட்டியில் இன்னும் சூடு இருந்தது. தோல் சீறியது. கறி கருகும் வாசனை வந்தது. லுவாண்டிசோ கத்தவில்லை. வலி பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பது போலிருந்தது.

“கத்தித் தொலைடா!” என்றார் ஸோலிலே.

பிறகு சுண்டுவிரலை முறித்தார்கள். அடுத்து மோதிரவிரல். திருமண மோதிரம் எலும்பில் இறுகியது.

“போடறேன்,” என்றான்.

ஸ்டேஷனில் ஒரு பெண் சார்ஜென்ட் இருந்தார். சீல் குத்துமுன் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும்.

“அதெல்லாம் எதுக்கும்மா? குத்தி அனுப்பு,” என்றார் ஸோலிலே.

“கேக்காம குத்தினா என் வேலை போயிடும் சார். கை என்னாச்சு?”

“இஸ்திரி போடறப்ப பட்டுடுச்சு.”

“விரலையுமா மடிச்சு இஸ்திரி போட்டீங்க? உங்கள கேக்கல சார். தள்ளி நில்லுங்க.” லுவாண்டிசோவிடம் திரும்பினார். “இதுல இருக்கறது என்னன்னு தெரியுமா? புரியுதா?”

“புரியுது.”

“சத்தியம் பண்ண ஆட்சேபணை உண்டா?”

“உண்டு. இது பொய்.”

டிரைவரின் கை அவன் முதுகில் பதிந்தது. சார்ஜென்ட் துப்பாக்கி உறையைத் திறந்தார். கை விலகியது.

“அப்ப என்ன நடந்துச்சு? சொல்லுங்க.”

“நீல உடுப்புல ஒருத்தன். தொப்பியக் கழட்டி, குனிஞ்சு, ‘மாட்லோமோ அக்காவா?’ன்னு கேட்டான். ஆபீஸ்ல எல்லாரும் அவள மேடம்னுதான் கூப்பிடுவாங்க. குலப்பேரு சொல்லிக் கூப்பிடறது ஒரே ஒருத்தர்.”

அவன் ஸோலிலேயைப் பார்க்கவில்லை. சார்ஜென்ட் பார்த்தார்.

ட்லோமோ குலத்துப் பெண் மாட்லோமோ. அப்படிக் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் வீட்டு மனிதன். அவனுக்கு எதிரே கார்க் கண்ணாடியை மூடி வைப்பது மரியாதையில்லை. நொம்வுசோ இறக்கினாள். முதல் குண்டு கழுத்தில். இரண்டாவது தாடையைக் கொண்டுபோயிற்று. மீதி ஐந்தும் அவள் லுவாண்டிசோவின் மடியில் சாய்ந்த பிறகு.

சார்ஜென்ட் காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

“‘உண்மை ஜெயிக்கும்’னு சொல்லிட்டுச் செத்தாங்கன்னு அடக்கத்துல இவர் பேசினாரே. அப்படியா சொன்னாங்க?”

“இல்ல.”

“பின்ன?”

“‘ஆமா தம்பி, நான்தான். நீ யாரு வீட்டுப் புள்ள?’”