முன்பக்கத்து ஜன்னல்

மே மாதம், கனடாவில் விக்டோரியா நாள் விடுமுறையன்று, தலையணையையும் ஒரு சின்ன ரேடியோவையும் எடுத்துக்கொண்டு நான் வீட்டைவிட்டு வெளியேறினேன். வெகுதூரம் போய்விடவில்லை. இருபத்தெட்டுத் தப்படி தூரம். தோட்டத்து வேலியோரம் நின்ற, டிரக்கில் மாட்டி இழுத்துப்போகும் என் சின்ன வீட்டுவண்டிக்குள், டிரெய்லருக்குள், குடியேறினேன்.

என் கணவன் லையல் முப்பத்தோரு வருஷம் லார்ச் கிரீக் மர ஆலையில் ரம்பம் தீட்டியவன். பிப்ரவரியில் ஆலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் உட்காரவே இல்லை. மாடிக்கு ஏறுவான், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவான். ஒரு நாளைக்கு மூன்று தரம் தபால் பெட்டியைப் போய்ப் பார்ப்பான். நான் ஏதாவது கேட்டால் கேள்வி முடியுமுன்பே அடுத்த அறையில் இருப்பான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் ஓட்டிப் பழகியவள். ஆனால் ஒரே ஒரு மனிதனின் காலடி ஓசையைத் தாங்க முடியவில்லை.

டிரெய்லர் எழுபத்துநான்காம் வருஷத்தது. முட்டையை நீளவாக்கில் படுக்க வைத்தது போலிருக்கும், முழுக்க ஃபைபர் கிளாஸ், பதின்மூன்று அடி. லையலால் அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. எனக்கு அது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபைபர் கிளாஸ் உளுத்துப்போவதில்லை. ஜன்னல்களைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்தான் போய்விடும். என்னுடையதில் நான்கு ஜன்னல்களுக்கும் அது சுருங்கி, மூலைகளில் விரற்கடை இடைவெளி விட்டிருந்தது. முன்னே வைத்திருந்தவர் யாரோ அதன்மேல் சிலிக்கோன் பசையை அள்ளி அப்பியிருந்தார். ஜூன் மழையில் என் கால்மாட்டில் தண்ணீர் தேங்கியது. லையலிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றான். மறுபடி சொன்னேன். மறுபடியும் "பாக்கலாம்". பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அறுபது அடி பீடிங்குக்கு எழுதிப்போட்டேன்.

அது வந்து சேர்ந்தது ஆகஸ்ட் இரண்டாம் வாரம். அதே நாள் காலையில்தான் ஊருக்கு எச்சரிக்கையும் வந்தது: எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருங்கள். மலைமுகட்டுக்கு அந்தப்புறம் பதினொரு நாளாகக் காடு எரிந்துகொண்டிருந்தது. சூரியன் செம்புக்காசு மாதிரி தொங்கியது. எல்லார் வாசலிலும் வண்டிகள் தெருவைப் பார்த்து நின்றன.

நான் எடுத்துவைக்க வேண்டியதை எல்லாம் ஒன்பது மணிக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் என்ன செய்வது? சும்மா இருக்க முடியவில்லை. கத்தியை எடுத்து முதல் ஜன்னலின் பழைய பீடிங்கைக் கீறினேன்.

இரண்டாவது ஜன்னலையும் கழற்றிக் கண்ணாடியைப் புல்லில் சாய்த்து வைத்தபோது லையல் வந்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்கா, கிளெண்டா? இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் ரப்பர் வந்துச்சு."

"ஊரே கிளம்ப நிக்குது, இவ ஜன்னலைப் பேத்துட்டு உக்காந்திருக்கா."

"ஜூன்ல சொன்னப்ப யாரோ பாக்கலாம்னாங்க. நல்லா பாத்துக்க."

அவன் வீட்டுக்குள் போனான். வெளியே வந்தான். மறுபடி போனான். நான் கண்ணாடியைச் சுற்றிப் புது பீடிங்கைப் பொருத்தி, அளவுக்கு மேல் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டினேன். ரப்பர் சுருங்கும், இறுக்கி நெருக்கி வைத்தால்தான் நிற்கும். வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிவர அழுத்தி வைத்தேன். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தடவினேன். கண்ணாடியை வெளியிலிருந்து துளையில் வைத்து அழுத்த ஒருவர் வேண்டும். உள்ளேயிருந்து கயிற்றை இழுத்து இழுத்து, ரப்பரின் உதட்டைச் சுவர் விளிம்புக்கு மேல் ஏற்ற இன்னொருவர் வேண்டும். நான் வெளியே அழுத்திவிட்டு உள்ளே ஓடினேன். அதற்குள் கண்ணாடி புல்லில் சரிந்து கிடந்தது. மூன்று தரம் இப்படி ஓடினேன்.

நாலாவது தரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓடாத. அழுத்திப் புடி."

லையல் முதுகை வளைத்து மெத்தையில் மண்டியிட்டிருந்தான். கையில் கயிற்று முனை.

"மெதுவா இழு," என்றேன்.

"முப்பத்தோரு வருஷம் ரம்பம் தீட்டுன கை இது. நீ எனக்குச் சொல்றியா?"

"ரம்பம் தண்ணி ஒழுகாது."

அவன் சிரித்ததாக நினைக்கிறேன். முகம் தெரியவில்லை. ரப்பர் பொதுக் பொதுக்கென்று ஏறி உட்கார்ந்தது. நடுப்பள்ளத்தில் பூட்டுப் பட்டையைச் செருகி ஓட்டியதும் கண்ணாடி அசையாமல் நின்றது. பீடிங்கின் இரு முனையும் சேரும் இடம் மேலே வர வேண்டுமா, கீழேயா என்று அடுத்த ஜன்னலுக்குச் சண்டை போட்டோம். அவன் கீழே என்றான், நான் மேலே என்றேன். ஒன்றில் மேலேயும் ஒன்றில் கீழேயும் வைத்தோம். பிப்ரவரிக்கு அப்புறம் நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவரோடு ஒருவர் பேசியது அன்றுதான். இடையில் ஒரு கண்ணாடி இருந்ததால்தானோ என்னவோ.

மூன்று ஜன்னல் முடிந்து, முன்பக்கத்துப் பெரிய ஜன்னலைக் கழற்றிச் சிலிக்கோனைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. அதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சாம்பல் விழத் தொடங்கிற்று. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வத் தொண்டர் பெண் ஒருத்தி வீடு வீடாக வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், தொண்டை கட்டியிருந்தது.

"உத்தரவு வந்தாச்சும்மா. தெற்கு ரோடுதான் திறந்திருக்கு. பத்து நிமிஷத்துல கிளம்பிடணும்." என் டிரெய்லரின் முகத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். "இதை விட்டுட்டுப் போங்க."

"சரிம்மா," என்றேன். டிரெய்லரைக் காலையிலேயே டிரக்கில் மாட்டி வைத்திருந்தேன். ஓட்டையோடு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். "லையல், வா. இறங்கு."

டிரெய்லர் கதவு திறக்கவில்லை.

ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். மெத்தையில் உட்கார்ந்திருந்தான். கயிற்றைக் கைவிரல்களில் சுற்றியிருந்தான். ஆறு மாதத்தில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"லையல்."

"நீ போ."

"என்ன விளையாட்டு இது?"

"நான் வரல, கிளெண்டா. அங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன்? ஆலை போச்சு. இதுவும் எரிஞ்சா, கட்டில்ல படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டு கிடக்கணுமா? இங்கயே இருந்து குழாயைப் புடிச்சு கூரையை நனைக்கிறேன். ஏதோ செஞ்ச மாதிரியாவது இருக்கும்."

அந்தப் பெண் என் தோளைத் தொட்டாள். "அவர் வரமாட்டேன்னா நான் எழுதிக்கிட்டுப் போறதைத் தவிர வழியில்ல. நெருங்கின உறவுக்காரங்க பேரு கேப்போம். யாருக்குத் தகவல் சொல்லணும்னு."

எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது. நான் கத்தியிருந்தால் அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போயிருப்பான். டிரெய்லரில் அடுத்த அறை கிடையாது, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பான். அப்புறம் அவனை யார் வெளியே கொண்டுவருவது?

நான் பெரிய கண்ணாடியைத் தூக்கினேன். பீடிங் ஏற்கெனவே சுற்றியிருந்தது.

"கயித்தைக் குடு," என்றேன்.

"என்னது?"

"கயிறு. இந்த ஜன்னலை முடிக்காம நான் ஒரு அடி நகர மாட்டேன். நீ இழு, நான் அழுத்துறேன். வேணாம்னா ரெண்டு பேரும் இங்கயே கிடப்போம்."

"அம்மா!" என்று அந்தப் பெண் அலறினாள். "நான் என்ன சொல்றேன், நீங்க என்ன பண்றீங்க!"

"நீ அந்தப் பக்கம் புடிம்மா," என்றேன். "மூணு பேர்னா சீக்கிரம் முடியும்."

அவள் என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். திட்டிக்கொண்டே பிடித்தாள். கயிற்றைப் பள்ளத்தில் அழுத்தினேன். சோப்புத் தண்ணீரில் சாம்பல் விழுந்து குழம்பிற்று. கண்ணாடியைத் துளையில் வைத்தோம். உள்ளே லையல் கொஞ்ச நேரம் கயிற்று முனையை வெறித்துப் பார்த்தான். பிறகு கை தானாக வேலையைத் தொடங்கியது.

"கீழ் மூலை அழுத்து. இன்னும். ஏய், அந்தப் பொண்ணைத் தள்ளிப் புடிக்கச் சொல்லு."

"அவகிட்ட நேரா சொல்லு. அவளுக்கும் காது இருக்கு."

பூட்டுப் பட்டையை ஓட்டியபோது ஓரிடத்தில் பிதுங்கி வெளியே வந்தது. அப்படியே விட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. லையல் டிரெய்லர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான், கைகளைக் கால்சட்டையில் துடைத்தான், என்னைப் பார்க்காமல் டிரக்கின் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனான்.

"நான் ஓட்டுறேன்," என்றேன்.

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினான். அந்தப் பெண் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அவள் பெயரைக் கேட்கக்கூட இல்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

கீழே உள்ள பெரிய ஊரில் குதிரைப் பந்தய மைதானத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். இருநூறு வண்டிகளுக்கு மேல். லையல் என்னோடு டிரெய்லரிலேயே படுத்தான், கூனிக்கொண்டு. காலையில் எழுந்ததும் அவனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் மைதானத்தின் மறுகோடியில், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பெர்னிஸ் என்ற நர்ஸின் வண்டியடியில் படுத்துத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். மறுநாள் வேறொரு வண்டி. அதற்கு அடுத்த நாள் யாருடைய ஜெனரேட்டரோ. ஒரு கிழவர் ஒரே கேள்வியை நான்கு தரம் கேட்டார், லையல் நான்கு தரமும் நிதானமாகப் பதில் சொன்னான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐந்தாம் நாள் மதியம் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்டேவிட்டேன்.

"ஊர்பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்ற. எனக்கு ஒரு ஜன்னல் மாட்ட ரெண்டு மாசமா மனசு வரல உனக்கு."

வரிசை இரண்டடி நகர்ந்தது.

"அவங்களுக்கு என்னைத் தெரியாதுல்ல," என்றான். "நேத்து வரைக்கும் நான் என்னவா இருந்தேன்னு தெரியாது. உனக்குத் தெரியும். உன் முன்னால வந்து நின்னாலே நான் வேலை போனவன்தான்."

"நான் அப்படி எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லல. வெளிய போயிட்ட."

அவன் நடையைத் தாங்க முடியாமல் போனேன் என்று அதுவரை அவனிடம் சொன்னதே இல்லை. அவன் என்ன நினைத்திருப்பான் என்று யோசித்ததும் இல்லை. என் தட்டில் பீன்ஸை அள்ளிவைத்த பெண் "போதுமா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

"நீ நடந்துக்கிட்டே இருந்த, லையல்," என்றேன் மேசைக்கு வந்தபின். "ராப்பகலா. தலைக்கு மேல. நான் தூங்கணும்னுதான் போனேன். வேற ஒண்ணும் இல்ல."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அவ்வளவு சத்தமாவா நடந்தேன்?"

"யானை மாதிரி."

பதினோராம் நாள் எங்களைத் திரும்ப விட்டார்கள். எங்கள் தெரு தப்பியிருந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒன்பது வீடுகள் இல்லை. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மின்சாரம் இல்லாமல் குளிர்பெட்டியில் இருந்த மான்கறியும் பாலும் அழுகிக் கிடந்தன. திறக்காமல் ஒட்டு நாடாவால் சுற்றி அப்படியே தெருவோரம் வையுங்கள் என்று நகராட்சி சொல்லியிருந்தது. தெரு முழுக்க வெள்ளைக் குளிர்பெட்டிகள் வரிசையாக நின்றன.

எங்கள் பெட்டியில் லையல் கீழ்ப்பக்கம் பிடித்தான், நான் மேல்பக்கம். வாசல் படியில் பாதி இறங்கியபோது எனக்குக் கை விட்டுப்போயிற்று.

"வை, வை, இறக்கி வை!"

"படியில எப்படி வைக்கிறது? நீ சாய்ச்சுப் புடி."

"சாய்ச்சா கதவு திறந்துக்கும்!"

"நாலு சுத்து சுத்தியிருக்கேன், திறக்காது."

இடுக்கிலிருந்து என்னவோ சொட்டி என் செருப்பில் விழுந்தது. நான் குமட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பெட்டி நடுவில் தத்தளித்தது, இரண்டு பேராலும் விட முடியவில்லை.

"இன்னைக்கு எங்க படுக்கப்போற?" என்றான், மூச்சு வாங்க.

"இந்த நாத்தத்துல வீட்டுலயா? முதல்ல எல்லா ஜன்னலையும் திறந்து போடு. அப்புறம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"வீட்டுல படுப்பேன்னு சொல்றேன். தூக்கு, லையல். கை போகுது."

தூக்கினான்.