காது கொடுத்துக் கேட்கும் வகுப்பு

ஜெபராணி டீச்சருக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும் என்று அவள் சபையே ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கென்றே அரை நாள் வகுப்பு நடந்தது, மதியம் சாம்பார் சாதத்தோடு. கருவைக் கலைக்க நினைக்கிற பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று செய்யாரிலிருந்து சார்லி ஐயா வந்து சொல்லிக்கொடுத்தார். திட்டக்கூடாது. வசனத்தை எடுத்து மண்டையில் போடக்கூடாது. முதலில் கேட்க வேண்டும், தலையாட்ட வேண்டும், "உன் கஷ்டம் புரியுது" என்று சொல்ல வேண்டும். ஆள் இளகுகிற நேரம் பார்த்துச் சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டும். இது மீன் பிடிக்கிறவனுக்குச் சொல்ல வேண்டிய பாடமாயிற்றே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சாம்பார் வாசனை அப்படி.

பிடிக்க ஆளும் வாகாகக் கிடைத்தாள். எதிர்வீட்டுப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பரிமளா. மூத்த மகள் ஹேமலதாவுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும்போது தாய்க்காரி முழுகாமல் இருந்தாள். மாமியார் கன்னியம்மாள் வீட்டை ரெண்டாக்கிவிட்டாள். "பொண்ணு கழுத்துல தாலி ஏறசொல்ல நீ வயித்த தள்ளிகினு நிப்பியா? சம்பந்தி ஊட்ல காறித் துப்புவாங்க. ஜல்தியா போய் கலைச்சுகினு வா!" புருஷன் கமலக்கண்ணனுக்கு வேறு கணக்கு. காதும் காதும் வைத்த மாதிரி ஸ்கேன் பார்த்துச் சொல்கிற இடம் இருக்கிறதாம். பையன் என்றால் மானம் போனாலும் பரவாயில்லையாம். மகராசன்!

டீச்சர் போய்ப் பேச்செடுத்தபோதெல்லாம் பரிமளா "அடுப்புல பால் கீது" என்று உள்ளே ஓடிவிட்டாள். அதனால்தான் டீச்சர் பாவு நீட்டும் நாளாகப் பார்த்துப் போனாள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, அது காய்கிறவரைக்கும் ரெண்டு பக்கமும் ஆட்கள் இழைகளுக்குள் செருகிய கோலைப் பிடித்து நிற்க வேண்டும். பரிமளா எங்கே ஓடுவாள்?

கோல் பிடிக்க அன்று ஓர் ஆள் குறைந்தது. "டீச்சர், ஒரு கை புடிங்க" என்றான் கமலக்கண்ணன். டீச்சருக்கு வாயெல்லாம் பல். பாவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பரிமளா, ரெண்டு பேர் கையிலும் ஒரே கோல். "கஞ்சி காயிற வரைக்கும் கைய உட்றாதீங்க. உட்டா இழை சிக்கிகினு பாவே பூடும்" என்று சொல்லிவிட்டு அவன் கோடியில் கயிற்றைப் பிடிக்கப் போனான். தானும் ஓட முடியாது என்பது அப்போது டீச்சருக்கு உறைக்கவில்லை.

"உன் கஷ்டம் புரியுது பரிமளா" என்று தலையாட்டினாள்.

"இன்னா புரியுது?"

வகுப்பில் இதற்குப் பதில் இல்லை. "அது... கல்யாண நேரம், ஊர் வாய்..."

"அது எங்க மாமியாரோட கஷ்டம்."

டீச்சர் மறுபடி தலையாட்டினாள்.

"தலைய ஆட்டினா கோலும் ஆடுது டீச்சர். நெசமா கேக்க வந்தீங்களா, முடிவு பண்ணிகினு வந்து கேக்கறீங்களா?"

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சார்லி ஐயாவின் பாடம் காற்றில் போனது. "அது உயிரு! அழிக்கிறது பாவம்! வேற எப்படிச் சொல்லச் சொல்ற?"

"இப்பதான் நீங்க பேசறீங்க" என்றாள் பரிமளா. "சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். சோபியாவ இன்னா பண்ணீங்க?"

சோபியா டீச்சரிடம் படித்த பெண். சபைப் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது. செய்யார் கம்பெனிக்கு ஷிப்டு போன இடத்தில் ஒருத்தன் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்.

"அவ கலைக்கல. நீங்க சொல்ற மாதிரியே பெத்துகினா. இப்ப கடைசி பெஞ்சில கொழந்தைய வச்சிகினு தனியா குந்திகினு கீறா."

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஞாபகம் வந்தது. விரல்கள் தளர்ந்தன. "டீச்சர்! கைய உட்றாதீங்க!" என்று கோடியிலிருந்து அலறினான் கமலக்கண்ணன். கஞ்சி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"அவளப் பாட்டுக் குழுவிலேர்ந்து எடுத்துடலாமான்னு சபையில கேட்டாங்க" என்றாள் டீச்சர் கடைசியில். முகம் எரிந்தது. "நானும் கை தூக்கினேன்."

பரிமளா சண்டைக்குத்தான் தயாராக இருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

"அது நான் பண்ண தப்பு. அதுக்காக இது சரின்னு ஆயிடாது. நான் அப்படித்தான் நெனைக்கிறேன்."

"நெனச்சுக்கோங்க."

கன்னியம்மாள் பாவு மேல் கஞ்சி பிரஷை இழுத்தபடி அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள். டீச்சர் யோசிக்காமலே கேட்டாள்: "உனக்கு என்னதாம்மா வேணும்?"

பரிமளா இழைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹேமா பொறந்தப்பவே ரத்தம் நிக்கல. சின்னவளுக்கு அதவிட மோசம். எனக்கு செத்துப் பூடுவேன்னு பயமா கீது டீச்சர். இவங்களுக்கு மானம், அவருக்குப் பையன், உங்களுக்குப் பாவம். என்ன யாரு கேட்டீங்க? எனக்கு வேணாம்."

கண்ணீர் வழிந்தது. கோலை விட முடியாததால் துடைக்கவும் முடியவில்லை. கன்னியம்மாள் பிரஷை நிறுத்தினாள். அவள் கேட்டதுதான் நடக்கப்போகிறது; இருந்தும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஒரே ஒரு ஸ்கேன்..." என்று கோடியிலிருந்து இழுத்தான் கமலக்கண்ணன்.

"டேய், நீ வாய மூடிகினு கயித்த புடி!" என்றாள் கன்னியம்மாள்.

"நான் சரின்னு சொல்ல மாட்டேன் பரிமளா" என்றாள் டீச்சர். "ஆனா ஆஸ்பத்திரிக்குக் கூட வரேன்."

போனாள். வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். திரும்பும்போது ஆட்டோவில் பரிமளா அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். டீச்சர் மனசு மாறவில்லை, தோளையும் நகர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சார்லி ஐயா எழுந்தார். "யார் யார் பேசி ஜெயிச்சீங்க? கை தூக்குங்க!" அங்கங்கே கைகள் எழுந்தன. "ஜெபராணி டீச்சர் எங்கே? கை தூக்கலையா?" என்று முன் வரிசையில் தேடினார்.

டீச்சர் கடைசி பெஞ்சில், சோபியாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"கையில கொழந்த தூங்குது ஐயா" என்றாள்.